சிவப்புப் பொட்டு வைத்த ரேம்

இன்று காலை ஒரு கம்ப்யூட்டரின் ரேமை, அந்த மெமரி அட்டையை, அழுக்குப் போகப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, செங்கம் ரோட்டில் நாம் சேர்ந்து நடத்திய இந்தக் கடையில் தினமும் அடித்த வாசனைதான். ஆனால் இன்று கையில் இருந்தது நீ பொட்டு வைத்த ரேம்.

ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும், உன் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துவந்து ரேமுக்குச் சிவப்புப் பொட்டு வைப்பாய். "நாளைக்கு எவனும் நாம மாத்திட்டோம்னு சொல்லக்கூடாது பாரு" என்பாய். "ஏன்டா, ரேமைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த லாட்ஜ் கம்ப்யூட்டரை நீ மறந்திருக்க மாட்டாய். பௌர்ணமி அன்று, நாம் சரிசெய்து கொடுத்த மெஷினை மேனேஜர் ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார். "எட்டு ஜிபியோட குடுத்தேன், இப்ப நாலுதான் காட்டுது. நல்லதை உருவிட்டீங்களா?" என்று வாசலிலேயே கத்தினார். கிரிவலம் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீ நிதானமாகத்தான் சொன்னாய்: "கொண்டுபோறப்ப ஆட்டோல குலுங்கி ரேம் ஸ்லாட்லேர்ந்து எழும்பியிருக்கும். தொறந்து பாருடா."

நான் திறக்கவில்லை. கடைப் பெயர் கெட்டுவிடும் என்று பயம். அத்தனை பேர் முன்னால் உன்னிடம், "எடுத்திருந்தா வெச்சிடுடா" என்றேன்.

நீ ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று மேனேஜரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு நீ கீழ்பென்னாத்தூரில் தனியாகக் கடை போட்டதாகச் சொன்னார்கள். முக்கால் மணி நேர பஸ். நான் ஏறவில்லை. போன ஐப்பசியில், நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று போன் வந்த பிறகுதான் ஏறினேன். மாலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். உன் மனைவி என்னைப் பார்த்தார்.

இன்று அதே மேனேஜர், அதே மெஷின். "ஆன் பண்ணா பீப் அடிக்குதுங்க" என்றார். லாட்ஜுக்குப் பக்கத்து ரிப்பேர் கடை பூட்டியிருந்ததாம், அதனால் இங்கே வந்தாராம். மூடியைக் கழற்றினேன். இத்தனை நாளாக யாரும் திறந்ததே இல்லை, உள்ளே அவ்வளவு தூசி. இரண்டு ரேம் இருந்தது. இரண்டிலும் உன் பொட்டு. ஒன்று மட்டும் ஒரு ஓரம் தூக்கி நின்றது. தேய்த்து, அழுத்தி உட்கார வைத்தேன். எட்டு ஜிபி காட்டியது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்னிக்கு உருவிட்டோம்னு சொன்னீங்களே, பாருங்க, ரெண்டும் இங்கதான் இருக்கு."

"எப்பங்க? நானா சொன்னேன்?" என்றார். நடிக்கவில்லை, மனிதருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், நம்பியது நான். தப்பு என்னுடையதுடா.

உன் ஸ்க்ரூடிரைவர் இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்று கழற்றினேன். அந்த மூடிக்கு இரண்டே ஸ்க்ரூ. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.