அட்டை கடித்தும் அரிக்காத கால்

வண்டிப்பெரியார்,
ஆடி 4.

அன்புத் தோழி கத்தரீனாளுக்கு, சுருளியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரரு, நீ அண்ணன்னு கூப்பிடுற பெரியமுத்துவும் மழையோடும் குளிரோடும் சௌக்கியம். திருப்பூரில் நீயும் உன் மகன் பினுவும் சௌக்கியமா?

போன்ல சொன்னா நீ சிரிச்சுட்டு வச்சிருவ. அதான் தாள்ல எழுதுறேன். கண்ணாடி இல்லன்னு சாக்குச் சொல்லாத, பினுவைச் சத்தமா வாசிக்கச் சொல்லு.

போன வருஷம் சுகருக்கு நீ சொன்ன பாகற்காய்ச் சாறை விடாம குடிச்சேன். பென்ஷன் ஆன பிறகும் தற்காலிகமாத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறேன்ல, இந்த மழைக்கு ஒரு அதிசயம். மத்தவளுக எல்லாம் சாயங்காலம் லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து அட்டைக் கடியைச் சொறியுறாளுக, எனக்கு அரிப்பே இல்ல. ரத்தம் கசந்து போச்சு, அட்டை என்னைக் கண்டாலே ஓடுதுன்னு லயம் பூராப் பீத்திக்கிட்டேன். அடுத்த வாரமே மாரீஸ்வரி வீட்டுல மிக்ஸி ஓடுது. கடையில பாகற்காய் தீந்து போச்சுடி!

மூணு வாரம் முன்னாடி செவ்வாய்க்கிழமை இங்க சுகர் முகாம். சிஞ்சு சிஸ்டர் பூட்ஸைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினா, என் விரலிடுக்குல ரெண்டு அட்டை, நாவப்பழம் மாதிரி ஊதித் தொங்குது! கூட்டமே சிரிச்சுச்சு. கசப்புப் பிடிச்ச அட்டையா இருக்கும்னு மாரீஸ்வரி சொல்ல, நானும் சிரிச்சேன்.

சிஸ்டர் சிரிக்கல. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசு நைலான் இழையால உள்ளங்கால்ல பத்து இடம் தொட்டாங்க. எப்பத் தொடுவீங்கன்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், அவங்க முடிச்சே போட்டாங்க. ரெண்டு இடந்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு. பூட்ஸுக்குள்ள ஒரு சின்னக் கல்லு கெடந்து குதிகால் புண்ணாயிருக்கு, அதுவும் தெரியல. சுகர் நரம்பை மரத்துப்போக வச்சிருச்சாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. வீட்டுக்கு வந்து அழுதேன் கத்தரீனா.

இப்ப மாத்திரை ஒழுங்காப் போடுறேன், புண்ணு காஞ்சு வருது. தினம் காலைல உன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, டார்ச் அடிச்சு என் உள்ளங்காலைப் பாக்காரு. மெட்டி போடத் தொட்டவரு, அப்புறம் இப்பத்தான் தொடுறாரு. கூச்சமா இருக்குடி. ஆனா நல்லாத்தான் இருக்கு.

இப்ப உன் கதைக்கு வாரேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப அடுப்பு முன்னால உக்காந்திருந்தியே, தணல் பட்டு உன் சுண்டுவிரல் தோல் கருகுற வாடை எனக்கு வந்துச்சு. உனக்குத் தெரியல. மலை ஏறுன காலு, இரும்புன்னு சொன்ன. நானும் சேந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இப்ப என்னை அறுக்குது.

சாறு போதும்னு சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்னு அப்ப நீ சொன்ன, அதைப் பினுகிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியமும் வாங்கின. இப்ப அவனே வாசிச்சுட்டான். எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்க.

தம்பி பினு, அம்மா தாளைப் பிடுங்க வருவா, குடுக்காத. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், முதல்ல காலைக் காட்டு.

கத்தரீனா, உன் மாதாவும் என் முருகனும் உன்னைக் காப்பாத்தட்டும். கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் படி நாம சேந்து ஏறணும். நம்ம நாலு காலும் வேணும்டி.

உன் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
சுருளியம்மாள்