பம்புக்கு எட்டு ஆள்

1979 பெப்ரவரி 11, ஞாயிறு
பூசை முடிந்து வந்து, மூன்று மணிக்குத் தீயணைப்புப் பயிற்சிக்கு விசில் ஊதினேன். ஆறு பேர் வந்தார்கள். போன வருடம் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் நாலாம் லயத்தில் ஐந்து காம்பரா வீடுகள் எரிந்தபோது, கண்டியிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் சாம்பலே ஆறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தோட்டத்தை நடத்தும் துரை இந்தக் கைப்பம்பை வாங்கினார். ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. நான் ஏழாம் வகுப்பு படித்தவனாம். தொழிற்சாலை மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவனுக்குப் பம்பும் தெரியுமாம். எட்டு ஆள் வேண்டும். ஈஸ்டருக்குள் சேராவிட்டால் பம்பு பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விடும்.

பெப்ரவரி 18
வீரய்யா வரவில்லை. குழாய் பிடிப்பதில் அவன்தான் கெட்டிக்காரன். காம்பராவுக்கே போய்க் கேட்டேன். "கப்பலுக்குத் தேதி வந்திருச்சுண்ணே. வெள்ளிக்கிழம பயணம்" என்றான். இந்தியக் குடியுரிமை கிடைத்துப் போகிற மூன்றாவது ஆள். நான் பழக்கிப் பழக்கி இராமேஸ்வரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அங்கே தீப்பிடித்தால் நன்றாக அணைப்பார்கள்.

பெப்ரவரி 26
விடியற்காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்று ஆள் கேட்டேன். இனி ஏமாறக்கூடாது என்று, ஒவ்வொருவரிடமும் முதலில் "உனக்கு எந்த நாடு, இந்தியாவா இலங்கையா?" என்றேன். மாயாண்டி, "நெருப்புக்குப் பயமில்லண்ணே, ஒங்க விசிலுக்குத்தான் பயம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பொன்னையா சிரிக்கவில்லை. "நான் இந்தியாக்காரன். அதுக்காக எரியிறத வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?"
தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேரின் பெயரையும் எழுதினேன்.

மார்ச் 4
நாலு பேர். பம்படிக்கவே நாங்கள் நாலு பேரும் வேண்டும். குழாய் பிடிக்க மாதாதான் வரவேண்டும்.

மார்ச் 11
மூன்று பேர். என்னையும் சேர்த்து.
சாப்பிடும்போது மனைவி இராசம்மா கேட்டாள்: "ஏங்க, கொழுந்தெடுக்கிற எங்கள ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?" மகள் டோரீன், "நானும் வர்றேம்பா" என்றாள்.
"சேலையோட பம்படிக்கிறதா? தோட்டமே சிரிக்கும்."
"இப்ப மட்டும் அழுவுதாக்கும்" என்றாள் என் மனைவி.

மார்ச் 16, வெள்ளி
புகை நாறும் சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.
பகல் இரண்டு மணி. மூன்றாம் லயத்தில், அடுப்புக்கு மேலே காயவைத்த விறகு பற்றிவிட்டது. அடுத்த கட்டடம் பிள்ளைக் காம்பரா. இருபது குழந்தைகள், ஒரே ஒரு ஆயா. விசில் ஊதுறேன், ஊதுறேன் — ஒருத்தனும் இல்ல! தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்த ஆண்கள் எல்லாரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் தினமும் போகிறவர்கள்தானே? மடையா, இது இத்தன நாளா ஒனக்குத் தோணலையா?
மேலே மலையில் கொழுந்தெடுத்த பெண்கள்தான் கூடைகளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். "நெர புடிங்கடி!" என்று கத்தினாள் இராசம்மா. தேயிலைக்குள் ஆளுக்கொரு நிரையில் இடைவெளி தப்பாமல் நிற்பது போலவே, ஆற்றிலிருந்து லயம் வரை நின்றுவிட்டார்கள். வாளிகள் கை மாறின. சிலர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை நனைத்து நெருப்பை அடித்தார்கள். நாலு பேர் பம்பில். நான் குழாயைப் பிடித்தேன். தண்ணீர் வந்த வேகத்தில் வடிகால் கானுக்குள் விழுந்தேன். டோரீன் என்னைத் தாண்டிப் போய்க் குழாயை எடுத்துக்கொண்டாள்.
ஒரு காம்பரா போயிற்று. பிள்ளைகள் பத்திரம். புகையைப் பார்த்துக் கடைவீதியிலிருந்து ஓடிவந்த முதல் ஆண் பொன்னையா.

மார்ச் 18
நானே பெண்களிடம் கேட்கப் போனேன். மீனம்மா பிடித்துக்கொண்டாள்: "ஞாயித்துக்கெழம மூணு மணின்னு வச்சது யாருங்க? நாங்க துணி தொவைக்கவா, வெறகு பொறுக்கவா, ஒங்க விசிலுக்கு ஆடவா? தெனமும் நாலரைக்குத் தராசுல கொழுந்து நிறுத்ததும் கால் மணி நேரம் அங்கனயே வைங்க, வர்றோம்."
ஒன்பது பெண்கள். பொன்னையா, மாயாண்டி, நான்.

ஏப்ரல் 12, பெரிய வியாழன்
துரை வந்து எண்ணிப் பார்த்தார். "ஆம்பளைங்க எங்கே?"
"பகல் ரெண்டு மணிக்கு வந்து தேடிப் பாருங்க தொர" என்றாள் இராசம்மா. எனக்கு உயிரே போய்விட்டது. துரை சிரித்துவிட்டார். பம்பு எங்கும் போகவில்லை.

மே 29
பொன்னையாவை இந்தியாவுக்கு வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் இடத்துக்கு, பக்கத்துக் காம்பரா வீரம்மாவைப் போன வாரமே பழக்கிவிட்டான். கோச்சி ஜன்னல் வழியாக, "மணி நாலரை ஆயிருச்சேண்ணே, பம்பு?" என்றான்.
"அவங்க பாத்துக்குவாங்க" என்றேன்.
ஏழு மணிக்கு வீடு வந்தேன். பம்பைத் துடைத்து, குழாயைக் காயப் போட்டு, எல்லாம் முடித்திருந்தார்கள். பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் வரவுப் புத்தகத்தில் டோரீன் எழுதியிருந்தாள்:
வந்தவர் பதினொன்று. சொல்லாமல் வராதவர் ஒருவர் — அப்பா.