பன்னிரண்டைப் பிரிக்கும் வழிகள்

காட்கோபர்
8.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெயராம் நமஸ்காரம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்தபின் உன்னைத் தனியே விட எங்களுக்கு மனசில்லை. மூன்று பேரும் கலந்து பேசினோம். வருஷத்தில் நான்கு மாதம் என்னிடம், நான்கு மாதம் புனேயில் தம்பி அஷ்வத்திடம், நான்கு மாதம் செம்பூரில் தங்கை பிரபாவிடம். யாருக்கும் ஏற்றக்குறைச்சல் இல்லை. மாட்டுங்கா வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். புரோக்கர் முகேஷ் சனிக்கிழமை வருவார்.

உன் ஜெயராம்

மாட்டுங்கா
12.7.2024

சிரஞ்சீவி ஜெயராமுக்கு, ஆசீர்வாதம்.

படித்ததும் கோபம் வந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன். பிறகு பழைய கணக்கு டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. பன்னிரண்டைக் கூட்டலாகப் பிரித்து எழுத எழுபத்தேழு வழி இருக்கிறது. மூன்று பேர் கூடி உட்கார்ந்து ஒன்றைத்தான் கண்டுபிடித்தீர்களாக்கும்.

சின்ன வயசில் நான்கைப் பிரிக்கச் சொன்னால் மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், கடைசியில் நான்கு ஒன்றுகள் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவாய். ஐந்தாவது வழியை எப்போதும் விட்டுவிடுவாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறாய்.

விழுந்தது நான். எழுந்ததும் நான்தான். முகேஷை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா

காட்கோபர்
17.7.2024

அம்மாவுக்கு,

கோபப்படாதே. புனே தூரம் என்று யோசிக்கிறாயா? அப்படியானால் ஆறு மாதம் பிரபாவிடம் இரு, எங்களிடம் மூன்று மூன்று. அதுவும் வேண்டாமென்றால் நீயே பிரித்துச் சொல், கட்டுப்படுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

ஜெயராம்

மாட்டுங்கா
19.7.2024

சிரஞ்சீவி ஜெயராமுக்கு,

நீயே சொல் என்றாய், சொல்கிறேன். நீ விட்டுவிடும் அந்த ஐந்தாவது வழி, நான்கை நான்காகவே வைப்பது. உடைக்காமல் விடுவதும் கணக்கில் ஒரு வழிதான். எழுபத்தேழில் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாகிவிட்டது. மாடிவீட்டு வாலாம்பாளிடம் ஒரு சாவி இருக்கிறது. காலையில் கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்துபோய் என் கீரையை நானே பார்த்து வாங்குகிறேன். இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வந்தால்தான் விளக்கு அணையும். உங்கள் மூன்று பேர் மேலும் எனக்கு உயிர். அதற்காக என்னைப் பங்கு போட விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. உனக்குப் பிடித்த மோர்க்குழம்பு வைக்கிறேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போ.

உன் அம்மா
பத்மஜா
மாட்டுங்கா, பன்னிரண்டு மாதமும்