வெள்ளி, 10:30 முதல் 12:00 வரை

செவ்வாய்க் கோள், பாறைமேடு நிலையம்.
எழுதுவது: செண்பகவல்லி, கணினிப் பொறியாளர். கடிகாரம்: இந்திய நேரம்.

வெள்ளி, 09:10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. நிலையத்தில் இருப்பது நாங்கள் இருவர்தான். இருதயராஜ் சூரியத் தகடுகளில் தூசி துடைக்க வெளியே போயிருக்கிறார். முதுகில் இருக்கும் காற்று 11:50 வரை வரும். பதினொரு மணிக்கே திரும்பிவிடுவார். நிலையக் கணினியின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்று காலாவதியாகிறது. புதியதைப் போன வாரமே ஏற்றிவிட்டேன். அதுவும் இன்றே தொடங்கும். கவலையில்லை.

10:34
கணினியில் ஹீட்டரை இயக்கும் பக்கம் திறக்கவில்லை. சிவப்புத் திரை. “இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல. உங்கள் தகவலை யாரேனும் திருடக்கூடும்.” முப்பது கோடி கிலோமீட்டருக்கு மனித வாடையே கிடையாது. எவன் வந்து திருடப்போகிறான்? பழைய சான்றிதழ் 10:30க்கு முடிந்தது. செல்லும் சான்றிதழ் இல்லாமல் கணினி எந்தப் பக்கத்தையும் திறக்காது. புதியது ஏன் வேலைக்கு வரவில்லை?

10:51
கண்டுபிடித்துவிட்டேன். புதியது 12:00க்குத்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தைப் போட்டது நான். படிவம் தொடக்க நேரம் கேட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எதற்கு வம்பு என்று பன்னிரண்டு போட்டேன். போன வருடம் பழையதைப் பத்தரைக்குள் அடித்துப்பிடித்துப் போட்டதும் இதே புத்திதான். சான்றிதழின் ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம். அதே வெள்ளி, அதே பத்தரைக்கு முடிந்திருக்கிறது.

இந்த நிலையத்துக்கு ஒரே கதவு. அதன் பூட்டும் இதே கணினியில் ஒரு பக்கம்தான்.

11:02
இருதயராஜ் கதவுக்கு வெளியே நிற்கிறார். ரேடியோவில்: “எக்கா, கதவத் தொறங்க. ஹெல்மெட் கண்ணாடி பூரா தூசி, ஒண்ணும் தெரியல.”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். “நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரம்லா. எனக்குமா ராகு காலம்?”

11:15
கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் போதும். கடிகாரப் பக்கமும் சிவப்பு, சான்றிதழை மாற்றும் பக்கமும் சிவப்பு. முன்பு ‘ஆபத்தை ஏற்றுத் தொடர்க’ என்று ஒரு பட்டன் இருந்தது. இருதயராஜ் ஒரு வரிகூடப் படிக்காமல் அதைத் தட்டிக்கொண்டே போவார். நான்தான் பூமிக்குப் புகார் எழுதி அதை எடுக்கவைத்தேன். பெரிய மேதாவி!

கதவைக் கையால் திருப்பும் சக்கரம் தூசியில் இறுகிக் கிடக்கிறது. கடப்பாரை போட்டு நெம்பினேன். கடப்பாரைதான் வளைந்தது. பூமிக்கு 10:52க்கே அவசரச் செய்தி அனுப்பியிருக்கிறேன். போகப் பதினெட்டு நிமிடம், வரப் பதினெட்டு.

11:29
பதில் வந்தது. ஆள் எழுதியதல்ல, இயந்திரம். “அனுப்புநரின் சான்றிதழ் செல்லாது. பாதுகாப்புக் கருதி உங்கள் செய்தி திறக்கப்படவில்லை.”

நாசமாய்ப் போக. நீங்களும், உங்கள் பாதுகாப்பும், நானும்.

11:41
“எக்கா, அழுதீங்களா? நான் படுத்துக்கிட்டேன். மெதுவாத்தான் மூச்சு விடுதேன். பன்னெண்டு வர தாங்கிரும்.”

தாங்காது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். மின்சாரம் போனால் பூட்டு இன்னும் இறுகும்படி செய்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காம். திரும்பவும் போட்டேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

11:53
“எக்கா… மணி என்ன?”

இன்னும் ரெண்டே நிமிஷம்தான் தம்பி என்று பொய் சொன்னேன்.

11:57
ரேடியோவில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. இருதயராஜ். இருதய

12:00
பச்சை. “இணைப்பு பாதுகாப்பானது. வணக்கம், செண்பகவல்லி. கதவைத் திறக்கலாமா?”

12:37
உள்ளே இழுத்துவந்து முப்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினேன். இப்போது என் பக்கத்தில் படுத்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

பூமியிலிருந்து செய்தி: “உங்கள் சான்றிதழ் இப்போது சரியாக உள்ளது. அவசரச் செய்தியை மறுபடி அனுப்பவும்.”

இனி அவசரம் ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். பச்சைப் பூட்டோடு உடனே போனது.