அக்கா படித்த வகுப்புக்கு நானும் போகிறேன்

என்னைப் பார்த்தே இராத என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. அதனால் இதைப் பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிப் போடுகிறேன். ஊரார் நாலு பேர் படிப்பார்கள், அவரும் படிப்பார். படிக்கட்டும். முகத்துக்கு நேரே சொன்னால் சண்டையாகிவிடும் விஷயங்கள் அச்சில் வந்தால் கொஞ்சம் மரியாதையாகத் தெரியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் கழித்து இந்த மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தவள். உங்கள் கணவர்தான் என் கணவர். உங்கள் அத்தைதான் எனக்கும் அத்தை. பி.ஏ. முடித்து இருபத்திரண்டு வயதுவரை கல்யாணமாகாமல் இருந்த பெண்ணுக்கு இரண்டாந்தாரமாவது வாய்த்ததே என்று மாம்பலத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் சந்தோஷம். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மூத்தவளைச் சர்வகலாசாலைக்கே அனுப்பிப் படிக்கவைத்த குடும்பம், உன்னையும் வைப்பார்கள் என்று எனக்கும் தனக்குமாகச் சேர்த்துத் தேறுதல் சொல்லிக்கொண்டார். அதை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

உங்கள் பேரில் எனக்குப் பொறாமை, அக்கா. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து இல்லை. அதில் நீங்கள் அப்படியொன்றும் அழகில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் நகைகளைப் போட்டுக்கொள்ளவும் எனக்குக் கூச்சமில்லை. நீங்கள் படித்த படிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுகாதார சாஸ்திரமும் சமூக சாஸ்திரமும் சேர்த்துச் சொல்லித்தரும் அந்த வகுப்பு. காலையில் பாடம், மத்தியானம் சந்து சந்தாகப் போய் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், குழந்தைகள் ஏன் தங்குவதில்லை என்று விசாரித்து எழுதும் வேலை. பி.ஏ.யில் பொருளாதாரம் எடுத்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

இந்த வீட்டில் அந்த வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அது உங்கள் பேச்சாகிவிடும். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் ஆரம்பிப்பார். திருவல்லிக்கேணியில் மசூதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஆண் மாணவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்களாம், படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போவது நீங்கள் ஒருத்திதானாம். அதற்காக உருதுகூடக் கற்றுக்கொண்டீர்களாம். நீங்கள் எழுதிக்கொண்டுவந்ததை ஆசிரியர் வகுப்பு முழுதுக்கும் வாசித்துக் காட்டினாராம். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ரசத்தில் உப்புக் கரித்தாலும் அவருக்குத் தெரியாது, அவ்வளவு லயிப்பு.

போன சித்திரையில் எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். கோயிலுக்கும் போனேன், பொய்யில்லை. பிறகு அங்கிருந்து அந்தச் சந்துக்கு நடந்தேன். நீங்கள் போய்வந்த, புத்தகம் பைண்டு செய்கிறவர் ஒருவரின் வீட்டைப் பற்றி என் கணவர் அடிக்கடி சொல்வார், விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். உங்களைப் பற்றி ஒரு குறையாவது காதால் கேட்டுவிட்டு வரவேண்டும், அதுதான் என் உத்தேசம்.

உங்கள் பெயரைச் சொன்னதும் அந்த வீட்டு அம்மா அழுதுவிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் உங்கள் தங்கையா என்று கேட்டார், ஒரு விதத்தில் என்றேன். பாய் விரித்து, டீ போட்டுக் கொண்டுவந்து, நான் குடிப்பேனோ மாட்டேனோ என்று தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானே வாங்கிக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றும் கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"அந்தம்மா தங்கமானவங்க. ஆனா எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. காச்சுனியா, காச்சுனியான்னு கேட்டுக்கினே இருப்பாங்க. அவங்க மனசு நோவக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுவோம்."

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்துக்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் பாலையும் தண்ணீரையும் காய்ச்சித்தான் கொடுக்கிறார்கள் என்றுதானே எழுதினீர்கள்? என் கணவரே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விறகு வாங்க முடியாத நாளில் அங்கே எதுவும் காய்வதில்லை, அக்கா. இரண்டாவது தம்ளர் டீயை நான் முடிப்பதற்குள், நீங்கள் அங்கே போக ஆரம்பிப்பதற்கு முன்பே ஆறு மாதத்தில் போய்விட்ட தன் பெண் குழந்தையைப் பற்றி அந்த அம்மா என்னிடம் சொன்னார். நீங்கள் திட்டுவீர்களோ என்று பயந்து உங்களிடம் அந்தக் குழந்தை பிறந்ததையே சொல்லவில்லையாம். இந்த வேலையை உங்களைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று டிராமில் வீட்டுக்கு வரும்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

அன்றைக்கே அவரிடம் கேட்டேன். ஆனியில் வகுப்பு ஆரம்பிக்கிறது, விண்ணப்பம் போடட்டுமா என்று. அவர் தினசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாவைக் கேள் என்றார். அத்தையைக் கேட்டால், மூத்தாளைக் கேட்க வேண்டும் என்றார்.

இந்த வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? எந்த நல்ல காரியமானாலும், சுமங்கலியாகப் போனவளுக்குப் புடவை வைத்துப் படைத்து அவளிடம் உத்தரவு கேட்டுத்தான் தொடங்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் அரக்கு நிறப் புடவை வைத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், வெற்றிலையில் இரண்டு பொட்டலம் மடித்தார்கள். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் சிவப்பு அரளி. மல்லிகை வந்தால் நான் படிக்கப் போகலாம். என் படிப்புக்கு உங்கள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நின்றேன். மனசுக்குள் உங்களைக் கெஞ்சவும் செய்தேன், அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அரளி வந்தது.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். பூவாவது உத்தரவாவது என்று சிநேகிதர்களிடம் சிரிக்கிற மனிதர், சரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் கேட்டபோது வராத பதில் உங்களைக் கேட்டதும் வந்துவிட்டது.

அது நீங்கள்தானா, அக்கா? நான் அந்த வீட்டில் டீ குடித்தது பிடிக்கவில்லையா? நீங்கள் பாதியில் விட்டுப்போன வகுப்பில் நான் போய் உட்காருவதைப் பார்க்கப் பொறுக்கவில்லையா? அப்படியானால் எனக்குக் கோபமில்லை. இத்தனை நாளும் நான் மட்டுமே வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் என்மேல் பொறாமை என்றால், பொறாமைப்படும்படி என்னிடமும் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மறுநாள் காலை சமையலறையில் அத்தையிடம் கேட்டேன், அக்காவை அனுப்பும்போது யாரிடம் உத்தரவு கேட்டீர்கள் என்று.

"யாரையும் கேக்கல," என்றார். "அதான் பறிகொடுத்துட்டோம்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சந்துகளிலிருந்துதான் நீங்கள் காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று அவர் நினைக்கிறார். டைபாய்டு எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, அவர் மகன் காதிலும் ஏறவில்லை. வெளியே ஒரு வாய் தண்ணீர் குடிக்காத உங்களுக்கே அப்படி என்றால் எனக்கு என்ன ஆகும் என்று இருவருக்கும் பயம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் நீங்கள் நடக்க முடியாமல் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியதை, உங்கள் கணவர் ஓடிவந்து தூக்கியதை, அன்றைக்குத்தான் அத்தை எனக்குச் சொன்னார். அதுவரை உங்கள் கெட்டிக்காரத்தனத்தை மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அக்காவைக் கேட்டாச்சு, அவங்க வேணாம்னுட்டாங்க. இந்த வீட்ல இன்னும் யாரும் என்னைக் கேக்கல, அத்தை."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் இறக்கவில்லை. கடைசியில் அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ இன்னா சொல்றே?" என்றார்.

"போறேன்."

அதற்கப்புறம் அத்தை அரளியைப் பற்றிப் பேசவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அத்தையே சொன்ன பிறகு என் கணவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டுத் தாளை என்னிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பயம் எனக்காகவா உங்களுக்காகவா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

இன்றைக்கு வகுப்பு ஆரம்பம். உங்களுக்குப் படைத்த அரக்குப் புடவையைத்தான் அத்தை உடுத்திக்கொள்ளச் சொன்னார், எனக்கு எடுப்பாகவே இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கூஜாவில் ஊற்றிக் கொடுத்து, இதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். டீ கொதித்ததுதானே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். லஸ்ஸில் டிராம் நிற்கும் இடம்வரை என் கணவர் கூட வந்தார். வண்டி வந்து நான் ஏறியதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாயந்திரம் வந்துடுவே இல்ல?" என்றார். உங்களிடமும் தினம் இதையேதான் கேட்டிருப்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். வந்துவிடுவேன் என்றேன்.

அக்கா, உங்கள் உருது எனக்கு வராது. ஆசிரியர் நான் எழுதுவதை வகுப்பில் வாசித்துக் காட்டுவாரோ என்னவோ, தெரியாது. உங்களை நினைப்பதுபோல என் கணவர் என்னை நினைக்க வேண்டுமென்றால் நான் செத்தால்தான் உண்டு. அது எனக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றில் மட்டும் உங்களை ஜெயிக்காமல் விடமாட்டேன், இதை உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் நான் அவரிடம் திரும்பி வருவேன்.

உங்களுக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வந்த தங்கை,
சொர்ணம்