ஜின்சியின் நாற்பது வருஷம்

சக்குபள்ளம்,
11 பிப்ரவரி 2026

மகன் வினோவுக்கு அப்பா எழுதுவது. தேவமாதா உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாளாக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினாறு நாளாகிறது. மூச்சு பரவாயில்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தங்கை ஜின்சிக்கென்று நான் வாங்கிய அரசாங்கக் கடன் பத்திரத்தை, நான் படுத்திருந்தபோது விற்றுவிட்டாய். என் போன் உன் கையில் இருந்தது. தரகர் ஆபீசிலிருந்து ஜோமோள் கூப்பிட்டு, "அச்சன்றெ காலாவதி கூடிய பாண்டு" என்று ஏதோ ஆரம்பித்தாளாம். உடனே விற்கச் சொல்லி ஓடிபியையும் கொடுத்திருக்கிறாய். கேட்டால், "காலாவதின்னாங்க, மருந்து மாதிரி வீணாப் போயிரும்னு வித்தேன்" என்கிறாய். மலையாளத்தில் காலாவதி என்றால் தவணைக் காலம். கூடிய என்றால் நீண்ட. கேரளத்து ஏலக்காட்டில் பிறந்தவன் தமிழ்நாட்டுக் கம்பத்து ஹாஸ்டலில் படித்ததால் இதை மறந்துவிட்டான் என்று நான் நம்ப வேண்டும். சரி, நம்புகிறேன்.

ஆனால் சிரித்தாயே, "எழுவத்தோரு வயசுல நாப்பது வருஷத்துக்கு வாங்குனா, 2065-ல யாருப்பா போயி வாங்குறது?" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஐந்தாம் வகுப்பு. பேப்பர் பார்த்துக் கற்றதுதான். வேலை முடிந்து வந்த கிராஜுவிட்டிப் பணத்தை ஒரே இடத்தில் போடவில்லை. வைத்தியத்துக்கு பேங்க் டெபாசிட். விலைவாசிக்கு ஈடாகக் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். அவளுக்குப் பத்திரம். பத்து வருஷத்தது வாங்கியிருந்தால் அவளுடைய முப்பத்தொன்பதாம் வயதில் முடிந்துவிடும். அன்று நான் இருக்க மாட்டேன். அன்றைய வட்டியைப் பார்த்து மறுபடி எங்கே போடுவது என்று யார் யோசிப்பது? பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத அவளா? நாற்பது என்றால் அறுபத்தொன்பது வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வட்டி. இடையில் விலை இறங்கும்தான். இறங்கினால் விற்பவனுக்குத்தான் நட்டம். அந்த நட்டத்தை நீ தேடிப் போய் வாங்கினாய்.

நேற்று அதே 2065-ஐத் திரும்ப வாங்கிவிட்டேன். விற்று வந்த பணத்துக்கு முன்னைவிடக் குறைவான பத்திரமே கிடைத்தது. சும்மா கிடக்கும் பணத்தைச் சென்னை ஃபிளாட்டில் போடலாமே என்றாய். அதற்கும் இதுவே பதில்.

இன்னும் ஒன்று. அவளுக்குச் சட்டப்படி காப்பாளர் வைக்கும் படிவம் மேஜைமேல் கிடக்கிறது. எனக்குப் பின் யார் என்ற கட்டம் காலி. உன் பெயரை எழுதக் கை வரவில்லை. கன்னியர் மடத்துத் தாயாரின் பெயரை எழுதப் போனேன், அதற்கும் வரவில்லை.

புனித வாரத்துக்கு முன் ஒருமுறை வா. அவளோடு நாலு நாள் இரு. கர்த்தர் உன் வழியைக் காக்கட்டும்.

அப்பா,
ஆசீர்வாதம்