இடது கை தேடிய இடம்

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் நாவுல ஊர் முழுக்கப் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். தண்ணீர் பம்ப் ஒன்று, மண்வெட்டிப் பிடி இரண்டு. வெல்டிங் குச்சி தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

மதியம் ரஷீதின் மனைவி நஸீமா பட்டறைக்கு வந்தாள். ரஷீத் மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த முதல் நாள். நான்கு மாதம் பத்து நாள் அவள் வீட்டுக்குள் இருந்தாள், நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் தம்பி கை ட்ரக்டரைக் கட்டி இழுத்து வந்திருந்தான்.

"வெள்ளாம வெட்டப் போறாங்க நானா. சரியாக்கித் தாங்க. இனி நானே ஓட்டுறேன்."

சரி என்றேன். அண்ணன் முறையில் இன்னும் நானா என்றுதான் கூப்பிடுகிறாள்.

கம்பி அப்படியே இருக்கிறது. கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கம்பி, இழுத்தால் வண்டி நிற்கும். முதலில் இடப்பக்கம், கீழே இருந்தது. குனிந்து குனிந்து இடுப்புப் போகிறது என்று ரஷீத் புலம்பினான். நான்தான் அறுத்தெடுத்து வலது கைக்குக் கிட்ட மேலே வெல்டிங்கில் ஒட்டினேன். "சோக்கா இருக்கு நானா!" என்றான். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் மாற்றிக்கொண்டார்கள். கம்பி மாற்றிய ஒன்பதாம் நாள் ரஷீத் ட்ரக்டரோடு கால்வாய்க்குள். பிரேக் பிடிக்கவில்லை என்று ஊர் பேசியது. நானும் தலையாட்டினேன்.

10, செவ்வாய்

பிரேக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் நிம்மதி.

தேநீர்க் கடையில் செல்வம். அன்று ரஷீதின் ட்ரக்டர் பெட்டியில் உர மூட்டை மேல் உட்கார்ந்திருந்து, குதித்துத் தப்பிய கூலியாள். என்ன நடந்தது என்று கேட்டேவிட்டேன்.

"மொதலாளி எடது கையக் கீழ விட்டுத் தடவுனாருங்க. ரெண்டு தரம். அங்க ஒன்னுமே இல்லீங்க. வெறுங்காத்தத்தான் புடிச்சாரு."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

11, புதன்

குளியலறை சுவிட்சை மறுபக்கச் சுவருக்கு மாற்றி மூன்று மாதம். கை இன்னும் பழைய சுவரைத்தான் தட்டுகிறது. இன்று வெறும் சுவரில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன்.

"என்னத்துக்குப் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"அல்லாஹ்ட நாட்டம். ஒங்கட கையில என்ன இருக்கு?"

எல்லாம் கையில்தானடி இருக்கிறது. ஆறுதலாக, அவசரமில்லாமல் ஓட்டும்போது புது இடம் ஞாபகம் வரும். பயந்துவிட்டால் ரஷீதின் பதினொரு வருடப் பழக்கத்துக்குத்தான் கை ஓடும். முப்பது வருடம் பட்டறை வைத்திருக்கிறேன், இது தெரியாமல் போனதே எனக்கு!

நஸீமா ஓட்டியதே இல்லை. மறப்பதற்குப் பழைய பழக்கமும் இல்லை. அவளுக்குக் கம்பி வலப்பக்கமே நல்லது. அப்படியே விடலாம். எதையும் சொல்லவும் வேண்டாம்.

13, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு நஸீமாவும் தம்பியும். எஞ்சினை ஓட்டாமல் அவளை ஆசனத்தில் உட்காரச் சொன்னேன். கம்பி வலப்பக்கம் என்று காட்டினேன். பத்துத் தரம் இழுக்கச் சொன்னேன். பத்தும் சரி. கெட்டிக்காரி.

பிறகு திடீரென்று கத்தினேன். "நிப்பாட்டு!"

அவளுடைய இடது கை கீழே போனது. ஒன்றுமில்லாத இடத்தில் விரல்கள் மூடின.

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பதினொரு வருஷம் அவர்ட பக்கத்துல குந்தி இதத்தானே பாத்துட்டிருந்தேன் நானா."

நான் குனிந்து கம்பியைத் துடைத்தேன்.

"அவர்ட கையும் இப்படித்தானா போன?"

"ஓம்."

அழுவாள், ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற யாருக்கும் இப்படி மாத்திக் குடுத்தீங்களா?"

"மூணு பேருக்கு."

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

கம்பியை அறுத்துப் பழைய இடத்தில் ஒட்டினேன். அவள் போகும்வரை நிமிரவில்லை.

14, சனி

தூறல். ஸ்பேனர் பை, இரும்பு அறுக்கும் வாள், அதற்கு இரண்டு பிளேட், கம்பியை இறுக்கக் கிளாம்ப். பக்கத்து நாலந்தா ஆளுடைய கம்பியை மாற்றி முடிந்தது, ஊருக்குள் இருந்ததும் முடிந்தது. மூன்றாவது ஆள் இருப்பது வில்கமுவயில். காலையிலிருந்து போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்று மறுபடி அடித்தேன். மகள் எடுத்தாள், சின்னப் பிள்ளை. அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டு ட்ரக்டரில் நெல் ஏற்றப் போய்விட்டாராம். எந்த வழியால் என்று சிங்களத்தில் கேட்டேன்.

கால்வாய்க் கரையால் என்றாள்.

பஸ்ஸை இன்னும் காணவில்லை.